காசில்லாத சாஃப்ட்வேரில் ஒரு நாடகம்

போன மார்கழியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று எழுத மறுத்துவிட்டது. இருப்பதைப் படிக்க விட்டது, ஒரு எழுத்து சேர்க்க விடவில்லை. வாங்கும்போது அதோடு வந்த ஆஃபீஸ் சாஃப்ட்வேர் கொஞ்ச நாளைக்குத்தான் சும்மா ஓடுமாம். கெடு முடிந்தது, இனிமேல் பணம் கட்டு என்று திரையின் மேலே ஒரு பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

வேறு சமயமாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் பொங்கலுக்கு நாடகம் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். மாமியார் மருமகள் சண்டைதான் கதை. எழுதியது என் வீட்டுக்காரரின் தங்கை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் டைப் செய்து அனுப்புவாள். நான் அங்கங்கே எங்கள் தெருச் சங்கதிகளைச் சேர்த்து, பிரிண்ட் எடுத்து, நடிக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"பணத்தைக் கட்டிருவோம். சர்வீஸ் பூரா அதுலதான் வேலை பாத்தேன். கை தன்னால போகும்."

"வருஷா வருஷம் கட்டணுமாம். நெட்ல சும்மாவே ஒண்ணு கெடைக்குது. அதைப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

"சும்மா குடுக்கிறவன் எதுக்கு ஏட்டி குடுக்கான்?"

நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவளும் அண்ணன் கட்சி. "என்கிட்ட இருக்கிறது காசு கட்டினது, மதினி. ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணே இருந்தாத்தான் நான் அனுப்புறது அங்க ஒழுங்காத் திறக்கும்" என்றாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரிச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து இலவச சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டேன். நாத்தனார் அனுப்பியிருந்த நாடகம் திறந்தது. இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் வசனங்கள். எழுத்து மட்டும் கொஞ்சம் உருண்டையாகத் தெரிந்தது. முதல் பக்கம் சரியாக இருந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மீதியைப் பார்க்காமலே பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. மாமியார் வேஷம் எதிர்வீட்டு அக்காவுக்கு. மளிகைக்கடை நடத்துகிறவர், குரல் தெருக்கோடி வரை கேட்கும். மருமகளாக நடித்தது பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், வாய் திறந்து பேசினால் காதைக் கிட்டே கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் அக்கா இடுப்பில் கை வைத்து, முதல் பக்கத்தில் போட்ட அதே அதட்டலோடு வாசித்தார்.

"அத்தை, எனக்குப் பயமா இருக்கு. செத்த நேரம் எங்க அம்மாகிட்ட போன் பேசிக்கிடட்டுமா?"

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தன் மெல்லிய குரலிலேயே, "எம்புட்டு நேரம்தான் போன்ல தொங்குவ? சோத்தை வடிச்சிட்டுப் பொறவு பேசு" என்றாள்.

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காப்பித் தட்டோடு வந்த என் வீட்டுக்காரர், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தவர் சிரிப்பில் முடிக்கவில்லை.

நாத்தனார் பெயர்களை ஒரு பக்கமும் வசனங்களை ஒரு பக்கமும் டைப் செய்து, எண்டர் தட்டித் தட்டி எதிரெதிரே கொண்டுவந்திருந்தாள். அவள் போட்ட எழுத்துவகை எங்களிடம் இல்லை. வேறு எழுத்தில் வரிகள் நீண்டு, வசனங்கள் ஒன்றொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. மருமகள் பேச்செல்லாம் மாமியார் பெயருக்கு நேரே வந்து நின்றது.

"இதை மாத்தாதிய. இப்படியே நடிப்போம்" என்றார் அக்கா.

எழுதியவளிடம் கேட்க வேண்டுமே. மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நாத்தனார் தாள்களை வாங்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு படித்தாள்.

"நான் இப்படியா எழுதினேன், மதினி?"

திரும்ப ஒருமுறை படித்தாள். சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பித்தது. உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாமியாரும் மருமகளும் ஒரு நாளைக்கு இடம் மாறிக்கொள்வதாகப் பந்தயம் கட்டும் காட்சியை முன்னால் சேர்த்தாள். இந்த முறை கட்டம் போட்டு, பெயரும் வசனமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வருமாறு எழுதினாள். எங்கள் வீட்டில் அது அப்படியே திறந்தது.

பொங்கலன்று அந்தத் தெலுங்குக்காரப் பெண் மைக்கைப் பிடித்து, குரலை உயர்த்தாமலே அக்காவை விரட்டியபோது தெருவே கைதட்டியது. அவளுடைய நிஜ மாமியார் முன் வரிசையில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இலவச சாஃப்ட்வேரில் பட்டன்கள் வேறு வேறு இடத்தில் இருப்பது என் வீட்டுக்காரருக்கு இன்னும் எரிச்சல்தான். முணுமுணுத்துக்கொண்டே தேடிக் கண்டுபிடிக்கிறார். பணம் கட்டுவதைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் சொல்லிக் காட்டவில்லை, அவர் தங்கை வந்திருந்த நாளில் ஒரு தடவை தவிர.