அறுபத்து மூன்று தும்மல்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் என் மனைவி கோமதி அறுபத்து மூன்று முறை தும்மினாள். உத்தேசமாகச் சொல்லவில்லை. எண்ணினேன்.

மூன்று சீசனாக இந்தக் கணக்கு என் நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒட்டடை அடித்தாலே தும்முகிற உடம்பு அவளுக்கு. தென்காசியில் இருக்கிறோம், மூன்று மைலில் குற்றாலம். அருவியில் குளித்துவிட்டு வருவாள்... அரை மணியில் ஆரம்பித்துவிடும். தண்ணீர்தான் ஆகவில்லை என்று நானே முடிவு கட்டி, அருவிக்குப் போகக் கூடாது என்றேன். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குளிக்கிறார்கள். இவள் வாளியில் குளித்தாள்.

அப்படியும் நிற்கவில்லை. சரி, ஈரத் தலைதான் காரணம்! தலை குளிக்கிற நாளெல்லாம், சாரல் காற்று படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டேன். தும்மல் கூடக் கூட... சாம்பிராணியையும் கூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூக்கே அடைத்துவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி மூக்குக்குள் விட்டு எடுத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது — அடுப்படிக் கரித்துணி மாதிரி!

வீட்டில் என்ன புகை என்று கேட்டார். சாம்பிராணி, வாரம் மூன்று நாள், நாளைக்கு இரண்டு தட்டு என்று கணக்காகச் சொன்னேன். அருவியை நிறுத்தியதையும் சொன்னேன்.

"அண்ணாச்சி, இவங்களுக்கு அலர்ஜி மூக்கு. தூசிக்கே உள்ள வீங்கிக் கெடக்கு. அதுமேல புகைப்பொடி போய் ஒட்டுனா, புண்ணுல மொளகாப்பொடி தேச்ச மாதிரிதான். அருவி என்ன பாவம் செஞ்சுது?"

மூன்று வருஷமாக மருந்து என்று நினைத்து நான் போட்டது எதை?

டீசல் பஸ் போனால் துண்டால் மூக்கைப் பொத்துகிறோம். ரைஸ் மில் புகையைத் திட்டுகிறோம். வாசனைப் புகை என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இழுக்கிறோம். வாசனையா நாற்றமா என்று வீங்கிய மூக்கு பார்க்குமா? அதற்குப் பொடி பொடிதான்.

ஐந்து நாளாகச் சாம்பிராணி இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. நேற்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு அருவிக்கே கூட்டிப் போனேன். வீடு திரும்பி ஒரு மணி நேரத்தில் ஒன்பதே தும்மல். நோட்டைக் காட்டினேன்.

கோமதி கூந்தலைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "தும்மல எண்ணுனீய, சரி. நான் அருவிக்குப் போகாத நாள எண்ணுனீயளா?"

நோட்டைப் புரட்டினேன். அந்தக் கணக்கு மட்டும் அதில் இல்லை.