கொக்கியைப் படமெடுத்த ஜெயராஜ் அண்ணன்

அந்த வியாழக்கிழமை காலையில் பொன்னேரி நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். ஜெயராஜ் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மீஞ்சூரில் ரயில் ஏறியதும் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று சொல்ல தினமும் அழைப்பார். "சொல்லுண்ணா, எத்தினியாவது பொட்டி?" என்றேன். பேசியது அவர் மனைவி ரோஸி அக்கா. "கலா, அண்ணன் பூட்டாரும்மா. பல்லு வெளக்கிக்கினு இருந்தாரு. அப்டியே குந்திட்டாரு," என்றார். ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

அவரை அறிந்த உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனிமேல் ஆலைக் கிரேனின் அந்தக் கொக்கியை யார் பார்ப்பார்கள் என்றுதான் தோன்றியது. அந்த நேரத்தில் என் தம்பி முருகன் அதற்குக் கீழேதான் வேலையில் இருந்தான். இருபது வருடம் கூட வேலை செய்த மனிதர் இறந்த செய்தியில் நான் நினைத்தது ஒரு இரும்புக் கொக்கியை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் இரும்பு ஆலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் உருகும் இரும்பை லேடில் என்ற பெரிய வாளியில் ஊற்றி, மேலே ஓடும் கிரேன் தூக்கிக்கொண்டு போய் அச்சுகளில் கொட்டும். அத்தனை பாரமும் ஒற்றைக் கொக்கியில் தொங்கும். அச்சுகளின் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். முருகன் அவர்களில் ஒருவன். ஜெயராஜ் அண்ணன் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். நான் அதே பிரிவின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை.

அவர் பயப்படாத பொருள் உலகத்தில் குறைவு. ஊசிக்குப் பயம், பல்லிக்குப் பயம், அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் ஷேர் ஆட்டோவுக்குப் பயம். ரயிலில் கதவோரம் நிற்கும் பையன்களைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பார். ஆலையில் அவருக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, கூட வேலை செய்த உங்களுக்குத் தெரியும். ஒரு முறை கேன்டீனில் முருகனே அவரை ஓட்டினான். "இன்னாண்ணா, இட்லிய ரெண்டு வாட்டி பாக்கிற? அது கடிச்சிருமா?" அண்ணன் சாவகாசமாகச் சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "சிரி நைனா, நல்லா சிரி. ஒனக்கும் சேத்துதான் நான் பயந்துக்கினு இருக்கேன்." பக்கத்து மேசைவரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஷிஃப்ட் மாறும் இடைவெளியில், கிரேன் ஓட்டுபவரிடம் சொல்லிக் கொக்கியைத் தரைக்கு இறக்கச் சொல்வார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பார். அதன் மேல் ஒரு எஃகு அளவுகோலைச் சாய்த்து வைத்து, எட்டுப் பக்கத்திலிருந்து எட்டுப் படம் எடுப்பார். ஒவ்வொரு மாதமும் அதே எட்டு, அதே வரிசை. அதற்கென்று தன் காசில் நல்ல கேமரா உள்ள போன் வாங்கியிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒரு தரம் சோதிக்க வெளியிலிருந்து ஆள் வருவார், அது போதும் என்பது மேனேஜரின் கட்சி. அண்ணன் சொல்வார்: "ஒரு போட்டோவுக்கு வாய் கெடையாது கலா. ரெண்டு போட்டோவ பக்கத்துல வச்சாதான் அது பேசும்."

படங்கள் சேரச் சேர அவருக்குப் புதுப் பயம் வந்தது. போன் தொலைந்தால்? அலுவலகக் கம்ப்யூட்டர் எரிந்தால்? இணையத்தில் படங்களைச் சேமிக்கும் தளங்களைப் பற்றி நான்தான் சொன்னேன். சொன்னேனே தவிர, அவர் அதை இந்தப் பாடு படுத்துவார் என்று நினைக்கவில்லை. நான்கு தளங்களில் கணக்குத் திறந்தார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது ரோஸி அக்காவின் படம். அக்காவின் மோவாயில் கடுகளவு மச்சம் உண்டு. ஒரே படத்தை நான்கிலும் ஏற்றி, திரும்ப இறக்கி, பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போவதற்குள் பெரிதாக்கிப் பெரிதாக்கி என்னிடம் காட்டுவார். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, இந்த ஆள் யார் மோவாயை இப்படி ஆராய்கிறார் என்று எங்களை முறைத்தாள்.

தளங்களின் நிஜப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அவரே பெயர் வைத்தார். முதல் தளம் "மச்சான்". எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வாங்கிக்கொள்வான், ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் காட்டுவான். ஆனால் இடத்தை மிச்சம் பிடிக்கப் படத்தைச் சுருக்கிவிடுவான். சுருக்கியதில் மச்சம் போய்விட்டது. "பாரு, என் பொண்டாட்டி மூஞ்சிய வழிச்சி வச்சிருக்கான்," என்றார். இரண்டாவது "தாத்தா". படம் முழுசாக இருக்கும், எடுத்த தேதி மட்டும் மறந்துபோகும். ஏற்றிய தேதியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது "வாச்மேன்". கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கடைசியில் சொந்தக்காரரையே உள்ளே விடாது. நான்காவது "ஹவுஸ் ஓனர்". படமும் தேதியும் அப்படியே பத்திரமாக இருக்கும். ஆனால் சில மாதங்கள் எட்டிப் பார்க்காவிட்டால் சாமானைத் தூக்கி வெளியே போட்டுவிடும். விதிகளில் அப்படி எழுதியிருந்த பத்தியை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"எல்லாத்துலயும் ஒரு பேஜாரு இருக்குது. எந்தப் பேஜாரு நம்மளக் கொல்லாதுன்னு பாத்து எடுத்துக்கணும்," என்றார். ஹவுஸ் ஓனரிடம் தங்குவதாக முடிவு செய்தார். எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றியது. அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் இன்னொரு பிரதி இருக்கிறதே என்றேன். அவர் அதற்குள் அந்த மாதப் படங்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்.

இனிச் சொல்வது என் தப்பு. ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஆலையில் துடைக்காத இடம் இருக்காது. அந்த வருடம் என் பங்குக்குக் கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தேன். இடம் நிரம்பிவிட்டது, பழையதைக் காலி செய் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மூன்று வருடக் கொக்கிப் படங்களை மச்சானில் ஏற்றிவிட்டு, மூலப் படங்களை அழித்தேன். சுருங்கும் என்று தெரியாதா? தெரியும். சும்மா ஒரு இரும்புக் கொக்கிதானே, இதில் மச்சமா இருக்கிறது என்று நினைத்தேன். அதே நாளில் கீழே பையன்கள் கிரேனுக்குப் பூஜை போடக் கொக்கிக்கு மஞ்சள் பெயின்ட் பளபளவென்று அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். அண்ணன் அன்றைக்கு விடுப்பு. மறுநாள் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலங்காரம் பண்ணி மூஞ்சிய மூடிட்டீங்களேடா."

அடுத்த முதல் திங்களன்று, அந்த மஞ்சள் பெயின்டில், கொக்கி வளையும் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் காய்ந்து வெடித்த கோடா, உள்ளே இரும்பே வெடித்த கோடா? அண்ணன் மேனேஜரிடம் ஓடினார். "புது பெயின்ட்டுப்பா, சூட்டுல கோடு விடும். இதுக்காக உலைய நிறுத்தச் சொல்றியா? பெயின்ட்டுக்கு முன்னாடி கோடு இருந்திச்சின்னு காட்டு, நிறுத்தறேன்," என்றார் மேனேஜர். அண்ணன் என் மேசைக்கு வந்தார். "கலா, பழைய போட்டோவ எடு."

எடுத்தேன். மச்சானிலிருந்து வந்த படங்களில் கொக்கி வெண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. கோடும் இல்லை, கீறலும் இல்லை, அளவுகோலில் எண்கள்கூடத் தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லேடில் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. முருகனின் நீல ஹெல்மெட் அதன் கீழே நடந்தது. "நான் அழிச்சிட்டேண்ணா," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தன் போனை எடுத்தார். ஹவுஸ் ஓனரைத் திறந்தார். மாதம் தவறாமல் படம் ஏற்றும் சாக்கில் அவர் அதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எல்லாம் அப்படியே இருந்தன. ஜூலை மாதப் படத்தைப் பெரிதாக்கினார். ஒன்றும் இல்லை. ஆகஸ்ட். அளவுகோலின் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. செப்டம்பரில் அது இரண்டு மில்லிமீட்டர் நீண்டிருந்தது. பெயின்ட் அடித்தது அதற்கும் பிறகு. போனை மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசமா என் கண்ணு முன்னாடி இருந்திச்சி. நானே பாக்கல," என்றார். படத்தை எடுத்து வைப்பதிலேயே பயத்தைத் தீர்த்துக்கொண்டேன், உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று பிறகு பல முறை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

கிரேன் நின்றது. சோதிக்கும் ஆள் வந்து பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தார்; வெடிப்பு இருந்தால் அதற்குள் நின்ற சாயம் பொடியில் ஊறும். நாங்கள் சுற்றி நின்றோம். வெள்ளையில் சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது, விரல் நீளத்துக்கு. முருகன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு கேன்டீனில் யாரும் அண்ணனை ஓட்டவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "சிரிச்சிக்கினே இருங்கடா, நீங்க கம்முனு இருந்தா எனக்கு இன்னும் பயமா கீது," என்றார்.

புதுக் கொக்கி வந்தது. முதல் திங்கட்கிழமைகள் தொடர்ந்தன. இப்போது படம் எடுத்த கையோடு என் மேசையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் பார்ப்போம். "நீயும் பாரு. ஒரு கண்ணு போதாது," என்பார். எனக்குத் தெரிந்து அந்தப் பத்து நிமிடங்களில்தான் அவர் பயமில்லாமல் இருந்தார்.

அடக்கம் முடிந்து, வீட்டில் ஜெபம் வைத்த நாளில் மீஞ்சூருக்குப் போனேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கக் கூடாததைக் கேட்க வந்திருந்தேன். படங்கள் எல்லாம் அவர் கணக்கில், அவர் போனில். எண் முடங்கினால் கணக்கைத் திறக்க முடியாது. திறக்காவிட்டால் ஹவுஸ் ஓனர் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோஸி அக்காவே எழுந்து போய் அலமாரியிலிருந்து போனையும் மடித்த ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தார்.

"நீ எப்ப வருவேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். அவருதான், நான் செத்துட்டா கலா வரும், வெக்கப்பட்டுக்கினு குந்தினு இருக்கும், நீயே எடுத்துக் குடுத்துருன்னு எப்பவோ சொல்லி வச்சிட்டாரு," என்றார். காகிதத்தில் கடவுச்சொல் இருந்தது. அடியில் அவர் கையெழுத்தில், "சிம்மை நிறுத்தாதே" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அங்கேதான் நான் அழுதேன். தன் சாவுக்கும் பயந்திருக்கிறார், ஆனால் அந்தப் பயத்திலும் முருகனைத்தான் நினைத்திருக்கிறார்.

இந்த மாத முதல் திங்கட்கிழமை நேற்று வந்தது. அலுவலகத்தை விட்டுக் கீழே போய்க் கொக்கியை இறக்கச் சொன்னேன். கிரேன் ஓட்டுபவர் தயங்கினார். முருகன் சிரித்தான். "இன்னாக்கா, ஜெயராஜண்ணன் பயம் ஒனக்கும் தொத்திக்கிச்சா?" நான் துடைத்தேன், அளவுகோலை வைத்தேன், எட்டுப் படம் எடுத்தேன். போன மாதம் அவர் எடுத்தவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறாவது படத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. போன மாதப் படத்தில் இல்லை. துணி இழையாக இருக்கலாம், சங்கிலி உரசிய கீறலாக இருக்கலாம். திரும்பத் துடைத்து எடுத்தேன். இருந்தது. பெரிதாக்கினேன். இருந்தது. "ண்ணா, இத்தக் கொஞ்சம் பாரு" என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

பழைய கொக்கி வெடித்த பிறகு, கிரேனை நிறுத்தச் சொல்லும் சீட்டில் எங்கள் பிரிவில் யாரும் கையெழுத்துப் போடலாம் என்று ஆகியிருந்தது; இதுவரை நான் போட்டதில்லை. போட்டேன். மேனேஜர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். "சிரிப்பாங்க சார்," என்றேன்.

சோதிக்கும் ஆள் நாளைக் காலையில்தான் வருகிறார். அது வெடிப்பா கீறலா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. ஜெயராஜ் அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், அவருடைய பயம்தான். அது கனமாக இருக்கிறது, இவ்வளவு கனத்தை அவர் எப்படித் தனியாகச் சுமந்தார் என்று தெரியவில்லை. கிரேனை நிறுத்தி என் வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று என்னோடு பேசாமல், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருகன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.