மெதுவாக நடப்பவர் முன்னால்

எங்கள் நடைக் குழுவில் விதி என்று ஒன்றுதான் இருந்தது. எல்லோரிலும் மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க வேண்டும், மற்றவர்கள் அவரை முந்தக் கூடாது.

அதைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர், யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பேர்னின் கிளென் வேவர்லி பகுதியில் வீடு. குழுவில் பாதிப் பேருக்கு அவர் அண்ணை, தமிழ்நாட்டிலிருந்து வந்த மீதிப் பேருக்கு அண்ணா. எந்தப் பாதையில் நடப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். வரைபடம் அவர் சட்டைப் பையில் இருக்கும். விதி வருவதற்கு முன் முன்னால் நடந்தவரும் அவரே.

விதி பிறந்தது ஒரு பெண்ணால். மருந்தாளர், மதுரைக்காரர், மெல்பேர்னுக்கு வந்த புதிதில் எங்களோடு சேர்ந்தார். முதல் ஏற்றத்திலேயே பின்தங்கினார். வளைவுகளில் நாங்கள் நின்று தண்ணீர் குடிப்போம். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். எங்களுக்கு ஓய்வு கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. இதை முதலில் கவனித்தவர் இன்ஜினியர்தான்.

"நீர் முன்னுக்கு வாரும்," என்றார்.

"ஐயோ வேணாம் அண்ணா. எல்லாரும் என் குதிகாலையே பாத்துட்டு வருவீங்க."

"பாக்கட்டுமே. குதிகாலில என்ன எழுதியே கிடக்கு? நீர் உம்முடைய பாட்டில நடவும்."

அந்த ஆண்டு முழுவதும் மருந்தாளர் முன்னால் நடந்தார், பெரும்பாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பிறகு கால்கள் பழகின. யாரும் அறிவிக்காமலே அவர் நடுவுக்கு வந்தார், இன்ஜினியர் பழையபடி முன்னால் போனார். விதி அப்படியே இருந்தது. அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஜனவரி, ஆஸ்திரேலியாவில் கோடை. அப்போது மலைக்குப் போவது எங்கள் வழக்கம். மெல்பேர்னிலிருந்து காரில் அரை நாள் தூரத்தில் ஒரு சின்னக் கிராமம். பனிச்சறுக்குக்காரர்களுக்காகக் கட்டியது, தெரு ஒன்றுதான். கோடையில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். பச்சைச் சரிவுக்கு மேலே, சறுக்க வருபவர்களை ஏற்றிச் செல்லும் லிஃப்ட் நாற்காலிகள் கம்பியில் சும்மா தொங்கும். கிராமத்தைச் சுற்றிப் பல பாதைகள். ஓடையை ஒட்டிப் போகும் பாதையில் குழந்தை வண்டிகூடத் தள்ளலாம். முகட்டுப் பாதை உச்சிக்குப் போகிறது. அங்கே மரங்கள் கிடையாது. பாதையோரம் எண் போட்ட கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். பனி மூடினாலும் ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்த்துப் போய்விடலாம்.

இந்த ஆண்டு நடைக்கு முந்திய மாலை, தங்கியிருந்த வீட்டின் சமையலறையில் இன்ஜினியரின் மனைவி தட்டையாக, மொறுமொறுவென்று சுட்ட பருத்தித்துறை வடைகளை டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மலையேறுவதில்லை. வருடா வருடம் கூட வருவார், நாங்கள் திரும்பும் வரை காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். மருந்தாளரும் நானும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"இவரின்ரை முழங்கால் தேஞ்சு போட்டுது பிள்ளை," என்றார், குரலைத் தாழ்த்தாமலே. "ஒப்பரேஷன் செய்ய வேணும் எண்டு டொக்டர் சொல்லிப் போட்டார். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம்."

"நடக்கலாமாமா அக்கா?"

"மெதுவா நடக்கலாமாம். அந்த மெதுவாதான் இவருக்கு ஏலாது. பின்தங்கினா குழுவை விட்டிடுவன் எண்டு நிக்கிறார். வேலையை விட்ட பிறகு அவருக்கு இந்த நடை ஒண்டுதான். அதையும் விட்டா நாள் முழுக்க என்ரை குசினிக்குள்ள நிண்டு மேற்பார்வை செய்வார். அதைவிட நான் மலையேறலாம்."

சிரித்தார். டின் மூடியை அழுத்திவிட்டு மருந்தாளரைப் பார்த்தார். "அவர் நடையை விடாமல் பாத்துக்கொள்ளும்."

மறுநாள் காலை இன்ஜினியர் வரைபடத்தை மருந்தாளரிடம் நீட்டினார்.

"இண்டைக்கு நான் கடைசி. ஒருத்தரும் வழி தவறிப் போகாமப் பாக்க ஒரு ஆள் வேணும்."

நியாயமான காரணம். நடைக் குழுக்களில் அப்படி ஒருவர் இருப்பது உண்டு. யாரும் மறுக்கவில்லை.

பாதை முதலில் பனியூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையே ஏறியது. பழைய காட்டுத்தீயில் பட்ட மரங்கள், பட்டை உரிந்து வெள்ளி நிறத்தில் நின்றன. அடியிலிருந்து புதுத் தளிர்கள் புதராகக் கிளம்பியிருந்தன. மாட்டு ஈக்கள் காலுறைக்கு மேலேயே கடித்தன. வளைவுகளில் நின்றோம், தண்ணீர் குடித்தோம். இன்ஜினியர் கீழே ஊன்றுகோலை அழுத்தி வந்துகொண்டிருப்பார். வந்து சேர்ந்ததும், "ஏன் நிக்கிறியள்? போங்கோ போங்கோ," என்பார். எல்லோரும் பையைத் தூக்குவார்கள். இரண்டு முறை இப்படி நடந்தது. அடுத்த வளைவில் மருந்தாளர் தண்ணீர் குடிக்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரங்கள் முடிந்து முகட்டுக்கு வந்தபோது மேற்கிலிருந்து மேகம் ஏறியது. முதலில் எதிர்ச்சரிவு மறைந்தது, பிறகு கிராமத்தின் கூரைகள். பின்னால் திரும்பிப் பார்த்தோம். ஒரு கம்பம் தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை, இன்ஜினியரும் இல்லை.

மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மருந்தாளரும் நானும் கம்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கினோம். மேகத்துக்குள் சத்தம் குறைந்துவிடுகிறது. கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. அடுத்த கம்பத்தடியில் ஒரு பாறைமேல் அவர் உட்கார்ந்திருந்தார். வலது காலை நீட்டி வைத்திருந்தார்.

"லேஸ் அவிண்டு போச்சு," என்றார்.

இரண்டு லேஸும் இறுக்கமாகக் கட்டியிருந்தன. மருந்தாளர் அவற்றைப் பார்த்தார். அவர் பார்த்ததை இன்ஜினியரும் பார்த்தார்.

"நீங்கள் மேல போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன். திரும்பி வரேக்கை கூட்டிக்கொண்டு போங்கோ."

"இந்த மேகத்துல விட்டுட்டா? முன்னாடி வாங்கண்ணா."

"ஏன், நான் என்ன நொண்டியே?"

"நான் நொண்டியா இருந்தேனா? ஒரு வருஷம் முன்னாடி நடக்க வெச்சீங்க."

"அது உமக்குப் போட்ட விதி."

"ஓ. அப்ப மதுரைக்காரங்களுக்கு மட்டும்தான். யாழ்ப்பாணத்துக்கு விலக்கு."

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "ஐசே, இந்தாள் என்ன கதைக்குது பாரும்."

மருந்தாளர் அவர் அருகில் பாறைமேல் உட்கார்ந்தார். "முன்னாடி நடந்தப்ப எனக்கு அழுகையா வரும்ணா. ஆனா ஒண்ணு. எப்ப நிக்கணும், எப்ப திரும்பணும்னு நான்தான் சொன்னேன். பின்னாடி வந்தப்ப என்னை யாரும் கேக்கல. இன்னிக்கு உங்களையும் யாரும் கேக்கல, பாத்தீங்களா?"

அவர் ஊன்றுகோலைத் தரையில் குத்தி எழுந்தார். நாங்கள் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தட்டிவிட்டிருப்பார்.

காத்திருந்தவர்களிடம் வந்ததும் அவர் நிற்காமல் வரிசையின் தலைக்கு நடந்தார். விதி எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங்வேலில் கடை வைத்திருக்கும் ஒருவர் மட்டும், "அண்ணை, கொஞ்சம் பைய. எனக்கும் மூச்சு வாங்குது," என்றார்.

"பொய் சொல்லாதையும். பேசாம வாரும்."

அவர் வேகத்தில் முகட்டில் ஏறினோம். இப்போது அவர் நின்றபோது நாங்களும் நின்றோம், அவர் கிளம்பியபோதுதான் கிளம்பினோம். உச்சிக்குக் கீழே ஒரு தாழ்வு உண்டு. அங்கே மேகம் கிழிந்து, உச்சியில் கற்களைக் குவித்து வைத்திருப்பது தெரிந்தது. நல்ல கால்களுக்குப் பத்து நிமிடம். அவர் ஊன்றுகோலில் சாய்ந்து அதைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார்.

"ஏறீடுவன். இறங்கத்தான் ஏலாது," என்றார். "திரும்புவம்."

உச்சிக்குப் போயே தீர வேண்டும் என்றிருந்தவர்கள் வரிசையில் இருந்தார்கள். யாரும் முந்தவில்லை. அவர் கடந்து போவதற்கு வழிவிட்டு நின்று, பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

இறக்கத்தில் முழங்கால் எதையும் மறைக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை இறக்கி, மற்றதைச் சேர்த்து, மறுபடி ஒரு காலை இறக்கி நடந்தார். அத்தனை பேர் பின்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஏறியதைவிட இறங்க அதிக நேரம் பிடித்தது.

காபிக் கடை வாசலில் அவருடைய மனைவி எழுந்து நின்றார். தெருவில் முதல் ஆளாக வருவது கணவர் என்று கண்டதும் முகம் மலர்ந்தது. வடை டின் திறக்காமலே திரும்பி வந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தார். அதை உச்சியில் வைத்துத்தான் திறப்போம்.

"என்ன, மேல போகேல்லையே?"

"இல்லை."

"ஏன்?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எல்லோரும் வந்து சேரும் வரை காத்திருந்தார்.

"என்ரை கால் ஏலாது. நான்தான் திருப்பினனான்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒப்பரேஷன் செய்யப் போறன். அதுவரைக்கும் ஏத்தம் இல்லாத பாதையளாப் பாக்கிறன். முன்னுக்கு நான்தான். சொல்லிப் போட்டன்."

"வேணாம்னு யார் சொன்னா?" என்றார் மருந்தாளர்.

மனைவி டின்னைத் திறந்து வடைகளைச் சுற்றிலும் நீட்டினார். இன்ஜினியர் ஒன்றை எடுத்துக் கடித்தார், மற்றக் கையை மருந்தாளரிடம் நீட்டினார். அவர் வரைபடத்தைக் கொடுத்தார். இன்ஜினியர் மேசையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு அதை விரித்தார்.