டிராமில் யாரும் பேசுவதில்லை

போன இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. என் அண்ணன் இறந்துபோனார். காவாந்தண்டலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். எனக்கு அப்பா மாதிரி... இல்லை, அப்பாவேதான்.

அண்ணன் மகன் சேகரை உங்களுக்குத் தெரியும். வியன்னாவில் இன்ஜினியர். போன வருஷம் அவனோடு அந்த ஊர் டிராமில் சுற்றியதைத்தான் இங்கே வாராவாரம் எழுதித் தள்ளினேனே!

அங்கே டிராமில் கண்டக்டர் கிடையாது. டிக்கெட்டை நாமே மெஷினில் செருகிக்கொள்ள வேண்டும். கம்பத்தில் எழுதிய நேரத்துக்கு வரும், கதவை மூடினால் யாருக்காகவும் திறக்காது. டாக்சியும் அப்படித்தான். முகவரிச் சீட்டைக் காட்டினால் போதும், இறங்கும்வரை ஒரு பேச்சு இருக்காது.

சும்மா இருக்க முடியுமா நம்மால்? பக்கத்து சீட்டுப் பெரியவரிடம், "எங்கே போகிறீர்கள்?" என்று என் இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனார். சேகர் என் தொடையைக் கிள்ளினான்.

"சித்தப்பா, இங்க யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. பேசாம வாங்க."

இதுவல்லவோ நாகரிகம் என்று அப்போது எழுதியிருந்தேன்.

அண்ணன் போன அன்று ட்ரங்க் கால் கிடைத்ததே பெரிய பாடு. லைனில் சேகர் அழவில்லை. "நான் வந்துடறேன் சித்தப்பா. அப்பா முகத்த பாக்கணும். அதுக்குள்ள எடுத்துடாதீங்க" என்றான். சரிடா என்றேன்.

வைத்திருந்தோம். சித்திரை வெயில். காஞ்சிபுரத்திலிருந்து மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்த ஐஸ் பாளம் எத்தனை நேரம் தாங்கும்? மறுநாள் சாயங்காலம் பங்காளிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னும் எவ்ளோ நேரம்பா போட்டு வச்சிக்கினு இருப்ப? பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்."

நான் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடியும் போனேன். காலி ரோடு. அதற்கு மேல் என்ன சொல்லி நிறுத்துவது?

கொள்ளி நான் வைத்தேன்.

ஆற்றில் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு ரோட்டுக்கு ஏறுகிறோம், எதிரே டவுன் பஸ் வந்து நிற்கிறது. சேகர் குதித்து ஓடிவருகிறான். என் வேட்டியைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியிருக்கிறது. மீனம்பாக்கத்தில் டாக்சியும் உடனே கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் வந்ததும் டாக்சி மக்கர் பண்ண, கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸில் தாவி ஏறிவிட்டான்.

நம் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வயலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மாள் கை காட்டினால் நிற்கும். கீரைக்கட்டு ஏற நிற்கும். டிரைவர் டீ குடிக்க நிற்கும். இவன் வாட்சைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பின்னாலேயே இறங்கிவந்த கண்டக்டர் மணி எங்களைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி இது! காவாந்தண்டலத்துல யாரு வூட்டுக்குன்னு கேட்டனே... ஜன்னல் பக்கம் திரும்பிக்கினியே! இன்னார் மவன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வழியில எவனுக்கும் நிறுத்தாம நேரா வூட்டாண்டயே கொணாந்து வுட்டிருப்பேனே!"

சேகர் வாயைத் திறந்தான். "பஸ்ல போய் இத எப்படிண்ணே சொல்றது?" என்றான். அப்போதுதான் அழுதான்.

அந்த பஸ் நிஜமாகவே எங்கும் நிற்காமல் ஊருக்குள் வந்திருக்கும். பிரசவத்துக்கு ஒருமுறை திரும்பி ஆஸ்பத்திரிக்கே போன பஸ் அது. உள்ளே இருந்தவர்களும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அவன் அப்பாவைப் பார்த்திருப்பான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை.

மணி ரைட் கொடுக்கவே இல்லை. பஸ்ஸில் யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை பஸ் அங்கேயே நின்றது.

காரியம் முடிந்து முந்தாநாள் கிளம்பினான். அதே பஸ்தான், நானும் காஞ்சிபுரம் வரை கூடப் போனேன். முன் சீட்டு அம்மாள் திரும்பி அவன் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, யாருக்கு?"

"எங்கப்பாம்மா. முகத்தக்கூட பாக்கல" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டவள் காஞ்சிபுரம் வரும்வரை விடவில்லை.

இந்நேரம் வியன்னாவில் டிராம் ஏறியிருப்பான். யாரும் அவனை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.