செங்கமலத்தின் வாசலோரம்

மண்ணூரில் செங்கமலத்தின் வீட்டுக்கு முன்னறை என்று ஒன்று கிடையாது. தெருவிலிருந்து ஏறி நிலையைத் தாண்டினால் நேரே கூடம். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை, அங்கேதான் மகள் கவிப்பிரியாவின் படிப்பு. வெளியிலிருந்து எது வந்தாலும் உள்ளே நுழைந்ததும் கிடைத்த இடத்தில் விழும். கணவன் புருஷோத்தமனின் சைக்கிள், சாப்பாட்டுப் பை, கொழுந்தன் ரகுபதியின் மண்வெட்டி, வயலுக்கு மருந்தடிக்கிற மெஷின், பள்ளிக்கூடப் பை, குடை. வெளியே விட்டால் நாய் கவ்விக்கொண்டு போகும் என்று எல்லோருடைய செருப்பும் உள்ளேதான். மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரகுபதி தலையில் கவிழ்த்து வரும் உரச்சாக்குக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கூடத்தில் பாதி சேறாகும். அவள் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அதற்காக அவள் யாரிடமும் சண்டை போட்டதில்லை. வல்லம் வடகாலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகும், சுவரில் ஓர் ஆணியை இடம் மாற்ற வேண்டுமென்றால்கூட யாரையாவது கேட்டுக்கொண்டுதான் செய்வாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை தொடங்கியபோது, சத்தம் போட ஆரம்பித்தவன் புருஷோத்தமன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. அதிர்ந்து பேசாதவன் என்று தெருவில் பெயர். அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டு கத்தினான்.

"வூடா இது, சந்தையா? வழியில இன்னாத்துக்குடி குடத்த வச்ச?"

குடம் வழியில் இல்லை. வழக்கமாக இருக்கும் சுவரோரத்தில்தான் இருந்தது. இன்னொரு நாள் சைக்கிள் மிதியில் கால் மாட்டி விழப் பார்த்தான். அதற்கும் அவளுக்குத்தான் ஏச்சு. கம்பெனியில் ஏதோ தொந்தரவு, அதை இங்கே வந்து காட்டுகிறான் என்று நினைத்து அவளும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. செங்கமலம் நிலைக்கு உள்பக்கமாக உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசல் வெளிச்சமே போதுமாக இருந்தது. கறுப்புக் கல்லும் நெல்மணியும் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்தில் கவிப்பிரியா காலை நீட்டிப் போட்டுக்கொண்டு பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள்.

கடைக்குப் போயிருந்த புருஷோத்தமன் படியேறி வந்து நின்றான்.

"கவி எங்கடி? இன்னும் வரலயா?"

குழந்தை கை எட்டும் தூரத்தில் இருந்தாள். அப்பா விளையாடுகிறார் என்று எண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் ஓரடி எடுத்து வைத்தான். அவளுடைய கணுக்கால் மேலேயே மிதித்துவிட்டான்.

பிள்ளை அலறியதும் அவன் பதறிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கை தரையைத் தொட்டது, முறத்தைத் தொட்டது, அதன் பிறகுதான் பிள்ளையின் காலைத் தொட்டது.

"இருட்டுல இப்டியா வழியில உக்காருவீங்க?" என்றான்.

இருட்டு எங்கே இருக்கிறது என்று கேட்க வந்ததைச் செங்கமலம் விழுங்கிவிட்டாள். முறத்தைப் பார்த்தாள். கல் அப்போதும் தெரிந்தது.

மறுநாள் விடியும் முன்னே அவன் காலை ஷிப்டுக்குக் கிளம்பினான். கொஞ்ச நாளாகவே வேண்டியதற்கு வெகு முன்னதாகக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். சைக்கிளில் ஏறவில்லை. ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறுகையால் வேலியைத் தடவிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்தே போனான்.

அன்றைக்குக் களை எடுக்கப் போன இடத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அவனையே கேட்டுவிடலாமா என்று பார்த்தாள். மறைக்கிறவனைக் கேட்டால் இல்லை என்பான். ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு நிற்பான். இதில் ரோஷம் வேறு பார்ப்பான். கேட்க வேண்டாம், வீட்டைச் சரி செய்வோம் என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் ரகுபதியைப் பிடித்தாள்.

"தம்பி, டவுன்ல கம்பெனி பேக்கிங் பலகை விக்கிறாங்களாமே. ரெண்டு வாங்கியாந்து குடு."

"இன்னாத்துக்கு அண்ணி?"

"வாசலாண்ட செருப்பு, பை எல்லாம் வைக்க."

"இதுக்குப் போயா! எங்க போட்டாலும் செருப்பு செருப்புதான் அண்ணி."

"வாங்கியாறியா மாட்டியா?"

அண்ணி இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. மறுநாளே பலகை வந்தது.

நிலைக்கு இடப்பக்கச் சுவரை அவள் முழுக்கக் காலி செய்தாள். குடம் சமையல் கட்டுக்குப் போனது. சைக்கிள் சந்து வழியாகப் பின்பக்கம் போனது. மண்வெட்டியும் மருந்து மெஷினும் மாட்டுக் கொட்டாய்க்குப் போயின. அதில் ரகுபதிக்குக் கோபம். தன்னையே வெளியேற்றிவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆணி அடித்தான். வலப்பக்கம் தரையோடு ஒரு பலகை, செருப்புக்கு. மேலே இன்னொரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். நிலையை ஒட்டிய முதல் ஆணி புருஷோத்தமனுக்கு. அதற்குக் கீழே, பலகையின் முதல் இடம் அவனுடைய செருப்புக்கு. குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. கொங்காணி கடைசியில், சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பழைய அலுமினியத் தாம்பாளம்.

எல்லாம் முடிந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சமையல் கட்டிலிருந்து வாசல் வரைக்கும் சுவரோரமாக நடந்து பார்த்தாள். எதிலும் இடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பின்னாலேயே கவிப்பிரியாவும் கண்ணை மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்து வந்த புருஷோத்தமன் உள்ளே காலை வைத்ததும் தயங்கினான்.

"இன்னா இது?"

"மழைக்கு எல்லாம் ஈரமாவுது. அதான். உங்க பைய நெலைக்குப் பக்கத்துல மாட்டுங்க. அது உங்க ஆணி."

அவன் தடவி ஆணியைக் கண்டுபிடித்துப் பையை மாட்டினான். மாட்டிய கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஏச்சு நின்றது. சுவரோரமாகப் பழையபடி வேகமாக நடக்க ஆரம்பித்தான். செங்கமலத்துக்கு மனசு கொஞ்சம் லேசானது.

வினை அந்த வேகத்திலேயே வந்தது. அடைமழை நாள். ஏரித்தண்ணீர் ஏறுகிறது என்று வயலைப் பார்த்துவிட்டு ஓடி வந்த ரகுபதி, பழைய வழக்கப்படி மண்வெட்டியை இடப்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டான். சமையல் கட்டிலிருந்து வந்த புருஷோத்தமன் வழி காலி என்ற நம்பிக்கையில் நேரே போய் அதில் மோதினான். மண்வெட்டி சரிந்து முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது.

"பாத்து வரக்கூடாதாண்ணே? கண்ணு முன்னால கீது!" என்று ரகுபதி ஓடி வந்தான்.

"தெரிஞ்சாத்தானேடா பாக்குறதுக்கு!"

சொல்லிவிட்டுப் புருஷோத்தமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செங்கமலம் காயத்தில் துணியை வைத்து அழுத்தினாள். பிறகு அவனாகவே சொன்னான்.

"ரெண்டு வருஷமா இப்டித்தான். நேரா பாத்தா தெரியுது. சைடுல இருக்கிறது ஒண்ணும் தெரியல. பொழுது சாஞ்சிட்டா அதுவும் இல்ல. கம்பெனியில தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு வாய மூடிக்கினு இருந்தேன்." அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ரகுபதி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே கொட்டாய்க்குப் போனான். வெகு நேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்றிலிருந்து இடப்பக்கச் சுவரில் ஒரு துரும்பு கிடந்தாலும் பிள்ளையை அவன்தான் அதட்டினான்.

மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். கூடவே பிறந்த கோளாறு, பார்வை சுற்றிலும் மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டு வரும், கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ ஆவது ஒன்றுமில்லை. எவ்வளவு காலம் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் புருஷோத்தமன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

கம்பெனிக்கும் அவளே கூடப் போனாள். அதுவரை அந்தக் கேட்டை அவள் பார்த்ததுகூட இல்லை. சூப்பர்வைசர் கோதண்டம் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். புருஷோத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னாள்.

"அவுரு கைக்கு ஒண்ணும் ஆவல சார். பகல்ல வேல குடுங்க, உக்காந்து செய்ற எடமா குடுங்க. சாமான் எல்லாம் அதது எடத்துல இருந்தா அவுரு யாருக்கும் கொறைய மாட்டாரு."

"என் கையில இல்லம்மா. மேல கேட்டுப் பாக்குறேன்" என்றார் அவர்.

பதில் வரச் சில வாரம் ஆனது. கடைசியில் அவனை ஸ்டோருக்கு மாற்றி ஜெனரல் ஷிப்டில் போட்டார்கள். ஓ.டி. இல்லை, அதனால் வீட்டில் கை இறுக்கம்தான். ஆனாலும் வேலை நிலைத்தது. காலையில் ரகுபதி அவனைச் சைக்கிளில் ஏற்றி மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வயலுக்குப் போனான்.

மார்கழியில் புருஷோத்தமனின் சித்தி சந்திரம்மாள் வந்தாள். வந்த வேகத்தில் செருப்பை ஒரு பக்கமும் கூடையை ஒரு பக்கமும் விட்டாள். செங்கமலம் பேச்சை நிறுத்தாமலே இரண்டையும் எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"உங்க வூட்டுக்கு வர்றதுன்னா சட்டம் படிச்சிகினு வரணும் போல கீதே" என்றாள் சந்திரம்மாள்.

"ஆமா சித்தி, இந்த வூட்ல அப்டித்தான்" என்று செங்கமலம் சிரித்தாள். காரணம் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது புருஷோத்தமன் பாடு.

சித்தி கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. புருஷோத்தமன் எழுந்து சுவரோரமாகப் போய், பலகையிலிருந்து கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டான். எதையும் தட்டவில்லை, எதையும் தேடவில்லை.

அவள் போன பிறகு, "நாளைக்கு ஊரு பூரா சொல்லிடும் சித்தி, மருமவ ராங்கிக்காரின்னு" என்றான்.

"சொல்லட்டும்" என்றாள் செங்கமலம். "அடுத்து சமையல் கட்டுலயும் ரெண்டு பலகை அடிக்கணும். ரகு கிட்ட சொல்லிட்டேன்."