அந்த நீளமான இடம்

விழுப்புரத்தில் பாசஞ்சர் கிளம்பியதும் எதிர் சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை ரயில் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க அவர் கால்விரல்கள் தாளம் போட்டன. ஒல்லியான ஆள், மடியில் டிபன் பை.

"என்னா பாட்டு சார், தலைய இப்படி ஆட்டிக்கினு வர்றீங்க?" என்றார்.

இயர்போனில் ஒன்றைக் கொடுத்தேன். பாட்டே கிடையாது, முழுக்க எலக்ட்ரானிக் இசை, யாரோ இரண்டு பேர் சேர்ந்து போட்ட ஆல்பம், அட்டையில் அவர்கள் முகம்கூட இல்லை, ஒரு மாதமாக இதைத்தான் கேட்கிறேன் என்று மயிலம் வரைக்கும் பாடம் எடுத்தேன். அவர் குறுக்கே பேசவில்லை.

கடைசிப் பகுதியில் முகத்தைச் சுளித்தார். "இந்த எடம் ரொம்ப நீளமா போய்க்கினே இருக்குது சார். பாதிய வெட்டியிருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "இந்த எடத்துக்காகத்தாங்க நான் மொத்த ஆல்பத்தையும் கேக்கறேன். இதுல கை வெச்சா மிச்சம் என்னங்க இருக்கு?" என்றேன், கத்தாத குறையாக.

திண்டிவனம் வந்துவிட்டது. இயர்போனைச் சட்டையில் துடைத்துக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்லயும் இதான் சொன்னா. வெட்டுனா அடுத்த ஆல்பத்த நீ தனியா பண்ணிக்கோன்னு ஒரே பேஜாரு. அதான் விட்டுட்டேன்."

எனக்கு விளங்குவதற்குள் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

நான் புகழ்ந்தபோதெல்லாம் வாயைத் திறக்காத மனிதர், தான் தோற்ற இடத்தில்தான் யாரென்று காட்டிக்கொண்டார். ரயிலில் ஒருத்தன் அவர் மனைவி பக்கம் பேசினான் என்று வீட்டில் போய்ச் சொன்னாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.