மஸ்தான் பாய் பிடுங்க நினைத்த ஆணி

அன்று காலை பவுனுக்கு ஊறவைத்த கொள்ளை வடித்துக்கொண்டிருந்தேன். பவுனு என் குதிரை. செங்கல்பட்டிலிருந்து மஸ்தான் பாயின் மகள் பேசினாள். "அக்கா, அத்தா பூட்டாருக்கா" என்றாள். கொள்ளுச் சட்டியைக் கீழே வைத்தேன். பவுனு வந்து மூக்கால் என் தோளை இடித்தது. அதற்குப் பசி. யார் போனால் அதற்கென்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அதன் நாலு காலிலும் இருந்தது அவர் அடித்த லாடம்.

நாற்பதாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அந்தப் பெண்தான் கேட்டாள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழையை என் மகள் திருத்தினாள். விஷயத்தில் கைவைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

மாமல்லபுரம் கடற்கரையில் குதிரை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் பாயைத் தெரியும். பழைய மொபெட், முன்னால் தகரப் பெட்டி, அதற்குள் சுத்தியல், குறடு, அரம், கத்தி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வருவார். வந்ததும் குதிரையிடம்தான் முதலில் பேசுவார். பிறகுதான் நமக்கு சலாம். தண்ணீர் கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு மீதியில் கை கழுவிக்கொண்டு உட்காருவார்.

பல வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குதிரையை விற்றுவிடு, பொம்பளையால் ஆகாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். லாடம் தேய்ந்துபோயிருந்தது. பூஞ்சேரியில் என் கொட்டகைக்கு பாய் வந்தார். எப்போதும் குதிரையின் காலைத் தூக்கிப் பிடிக்கிற என் வீட்டுக்காரர்தான் இல்லையே. நான் ஓரமாக நின்றேன்.

"இன்னா நின்னுகினு கீற? வந்து கால புடி."

"எனக்குப் பயம் பாய்."

"அதுக்கும் பயந்தான். ரெண்டு பேரும் பயந்தா நான் யாருக்கு ஆறுதல் சொல்றது? புடிம்மா."

பிடித்தேன். முழங்காலுக்கு மேல் குளம்பை வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். நாலு காலும் முடிந்ததும் பாய் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "லாடம் அடிக்கிறது ஒருத்தர் வேல இல்லம்மா. பாதி வேல கால் புடிக்கிறவங்களோடது. உன் கை நிம்மதியா இருந்தா குதிர நிம்மதியா நிக்கும். குதிர நின்னா என் ஆணி நேரா போவும்." அன்றைக்குத்தான் குதிரையை விற்பதில்லை என்று முடிவு பண்ணினேன். இத்தனை வருஷமும் என் மகளைப் படிக்கவைத்து எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் குதிரைதான்.

கழற்றிய பழைய லாடத்தை அவர் உடனே கீழே போடமாட்டார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு தடவை, "ரோட்டுல ரொம்ப ஓட்டினியா?" என்று கேட்டார். ஈசிஆர் ரிசார்ட்டுகளில் நடக்கும் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை ஏறிவர பவுனுவைக் கூட்டிப்போக ஆரம்பித்திருந்தேன். தார் ரோட்டில் மேளத்தோடு மணிக்கணக்கில் நடக்கவேண்டும். அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்து, "இல்ல பாய், மணல்லதான்" என்றேன். "நீ மணல்னு சொல்ற. லாடம் வேற மாரி சொல்லுது. நான் யார நம்பறது?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டு வாசலில் மாட்டினால் நல்லது என்று அணுபுரத்திலிருந்து வந்த ஒரு சார் அந்த லாடத்தைக் கேட்டு வாங்கிப்போனார். "நல்லா கழுவிட்டு மாட்டுங்க சார். இல்லாங்காட்டி அதிர்ஷ்டத்துக்கு முன்னாடி ஈ வரும்" என்று பாய் சொல்லியனுப்பினார்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

போன வருஷம் பவுனுவின் முன்னங்காலில் ஆணி தப்பாக இறங்கி அது நொண்டியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாய்க்குக் கண் போய்விட்டது, கை நடுங்குகிறது என்று பேசிக்கொண்டீர்கள். அதோடு சென்னையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். கடற்கரைப் பக்கம் பாயின் மொபெட் வருவது நின்றுபோனது. ஆணி தப்பாக இறங்கியது அவர் கண்ணால் இல்லை. அதற்கு முன்பே கண் ஆபரேஷன் முடிந்து அவருக்கு நன்றாகவே தெரிந்தது. நடந்ததை நான் சொல்கிறேன்.

அன்றைக்கு நாலு மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம். பாய் கடைசிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காலைப் பிடித்திருந்தவள் நான். ரிசார்ட்டிலிருந்து போன் மேல் போன். ஒரு கையால் குளம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் போனை எடுத்தேன். "வந்துகினே கீறோம் சார்" என்று கத்தினேன். என் குரலுக்குப் பவுனு காலை வெடுக்கென்று இழுத்தது. சுத்தியல் இறங்கியது அதே நேரம்.

பாய் நிறுத்திவிட்டார். குளம்பின் கெட்டியான ஓட்டில் ஆணி போகும்போது கணீர் கணீர் என்று கேட்கும். உள்ளே உயிருள்ள சதைப் பக்கம் திரும்பினால் சத்தம் மந்தமாகிவிடும். அவர் தலையைச் சாய்த்து இன்னொரு தட்டு தட்டினார்.

"சத்தம் மாறிடிச்சி. எடுத்துட்டு வேற அடிக்கிறேன்."

"ஐயோ பாய், மணியப் பாருங்க. அங்க மாப்பிள்ள நின்னுகினு கீறாரு. எல்லாம் நல்லாத்தான் கீது, வுடுங்க."

"ரெண்டு நிமிசம்மா."

"நாளைக்கி எடுத்துக்கலாம். பேஜாரு பண்ணாதீங்க பாய்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குளம்புக்கு வெளியே நீட்டிய ஆணி முனையை முறுக்கி உடைத்து மடக்கிவிட்டு எழுந்தார். "நாளைக்கிக் காலைல வர்றேன்" என்றார். காலையில் போன் பண்ணினார். குதிரை நன்றாக இருக்கிறது, வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இன்னொரு ஊர்வலம் இருந்தது.

மூன்றாம் நாள் பவுனு அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. குளம்பு அடுப்புமாதிரி சுட்டது. அப்போதும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. "கடற்கரைல பாட்டில் ஓடு குத்திடிச்சி போலக்கீது" என்று போனில் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். குறடால் குளம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்தினார். அந்த ஆணிகிட்டே வந்தபோது பவுனுவின் உடம்பே உதறியது. லாடத்தைக் கழற்றினார். அந்த ஓர் ஆணி மட்டும் ஈரமாக வந்தது. பின்னாலேயே சீழ். கத்தியால் வழி பண்ணிச் சீழை வடியவிட்டு, உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் காலை வைத்துப் பிடித்துக்கொண்டார். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் குதிரையைப் பார்த்திருக்க முடியாது என்றார்.

விஷயம் கேள்விப்பட்டுக் கடற்கரையிலிருந்து நீங்கள் நாலைந்து பேர் வந்தீர்கள். சேகர் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கண்ணு தெரியாத ஆள வெச்சி அடிச்சா இப்டித்தான் ஆவும். இன்னா பாய், வயசாச்சின்னா வூட்ல குந்தவேண்டியதுதான?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாளி என் கையில் இருந்தது.

பாய் தலையை நிமிர்த்தாமல், "ஆமா நைனா. தப்பு என் கைதான்" என்றார்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "ஏன் பாய் அப்டிச் சொன்னீங்க? வாணாம்னது நான்தான?"

"சுத்தி யாரு கைல இருந்திச்சி?"

"உங்க கைல."

"அப்புறம் இன்னா. நீ சொன்னா நான் ஏன் கேட்டேன்? கேட்டது என் தப்பு." வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, "தனியா குதிர வெச்சிகினு கீற. உன்னப் பத்தி ஒரு பேச்சு கெளம்பினா உன்ன எவன் கூப்புடுவான்? எனக்கு இன்னா, கண்ணு மேல போட்டுட்டுப் போறானுங்க, போட்டும்" என்றார். பிடுங்கிய ஆணியை என் உள்ளங்கையில் வைத்தார்.

பவுனுவுக்குக் கால் ஆறும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். ஆறிய பிறகு லாடம் அடித்ததும் அவர்தான். மற்ற எல்லோரும் நிறுத்திவிட்ட பிறகும், ஒரே ஒரு குதிரைக்காக அவ்வளவு தூரம் அந்த மொபெட்டில் வந்தார். ஒவ்வொரு தடவையும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கடற்கரையில் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லவில்லை. கல்யாண சீசன் முடியட்டும் என்று இருந்தேன். மகளின் கல்லூரி முடியட்டும் என்று இருந்தேன். பாய் முடிந்துவிட்டார்.

செங்கல்பட்டு வீட்டுக்குப் போனபோது அவர் மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என் கையை விடவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மகள் அழுதாள். "கடைசி வரைக்கும் எங்க கிட்டகூட சொல்லலக்கா. கை போச்சின்னு அவங்க சொல்றாங்களேன்னு கேட்டா, சிரிச்சிடுவாரு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப புத்தகத்துல அதையே எழுது. வேற எதுவும் நீ எழுத வாணாம்" என்றாள்.

எழுதிவிட்டேன். மஸ்தான் பாயின் கண் தப்பில்லை, கை தப்பில்லை. ஆணி கோணலாகப் போனதை அவர் காது அந்த நொடியே கண்டுபிடித்தது. அவரைப் பிடுங்கவிடாமல் தடுத்தவள் நான். என் குதிரையை இனிமேல் கூப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அவரைப்பற்றி மட்டும் மாற்றிப் பேசுங்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஆணி. மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுவைத்திருக்கிறேன். அவர் சொன்ன அந்தப் பாதி வேலையும் என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரம் சென்னையிலிருந்து வரும் பையன் பவுனுவுக்கு லாடம் அடித்தான். போனை அணைத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து காலைப் பிடித்தேன். மூன்றாவது ஆணியில் சத்தம் எனக்கு ஏதோ மாதிரி கேட்டது.

"எடுப்பா அத."

"நல்லாத்தானே போவுது, இன்னாக்கா?"

"எடு. வேற அடி."

முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினான். இரண்டு பேரும் பார்த்தோம். ஆணி காய்ந்து சுத்தமாக இருந்தது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல. சும்மா டைம் வேஸ்ட்டு" என்றான்.

எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். பாய் கேட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.